கோமதி கல்யாணத்துக்குத் தனி சர்வர்

செலவைப் பற்றிக் கவலைப்படாதே என்று யாராவது சொன்னால் அந்த நிமிஷத்திலிருந்து நமக்குக் கவலை ஆரம்பம். கையில் இருக்கிற காசுக்குள் ஒன்றை வாங்குவது சுலபமான வேலை. கடைக்காரர் காட்டுகிறதில் பாதி நமக்குக் கட்டுப்படியாகாது, மிச்சத்தில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். அது நாலு நாளில் கெட்டுப்போனால் நம்ம வசதிக்கு இவ்வளவுதான் என்று சொல்லித் தப்பிக்கலாம். செலவு ஒரு பொருட்டே இல்லை என்று ஆகிவிட்டால் அந்தச் சாக்கும் போச்சு. உலகத்திலேயே சிறந்ததை வாங்கியும் காரியம் கெட்டால், கெடுத்தவன் நீதான் என்று ஊரே சொல்லும். (சொல்லியது.)

எனக்கு அப்படிச் சொன்னவன் என் அண்ணன் தாமு. நியூஜெர்சியிலிருந்து போனில் சொன்னான். "செலவப் பத்தி யோசிக்காதடா. உலகத்துலயே பெஸ்ட் எதுவோ அத்த எடு." அவன் எடுக்கச் சொன்னது பட்டுப்புடவையோ காரோ இல்லை. ஒரு சர்வர்.

எங்கள் வீடு ஆந்திர எல்லையில், நகரியில். எங்கள் நைனா, அதாவது அப்பா, பவர்லூம் வைத்திருந்தார். ஊரில் கம்ப்யூட்டர் படித்தவர்கள் எல்லாம் ஹைதராபாத் போய், அங்கிருந்து அமெரிக்கா போய்க்கொண்டிருந்த காலத்தில் அண்ணனும் போனான். நான் சித்தூர் வரைக்கும் போனேன். அங்கே ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டிகிரி படிக்கிற பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பாடம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மவுஸை எப்படிப் பிடிப்பது என்பதில் ஆரம்பித்து பயோடேட்டா அடிப்பதில் முடியும். ஆனால் சொந்தக்காரர்கள் மத்தியில் நான் பெரிய கம்ப்யூட்டர் ஆள். டிவி ரிமோட் வேலை செய்யவில்லை என்றால்கூட என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

தங்கை கோமதிக்குப் புத்தூரில் மாப்பிள்ளை அமைந்து, திருப்பதியில் மண்டபம் பேசி முடித்த பிறகு, அண்ணனால் கல்யாணத்துக்கு வர முடியாது என்று தெரிந்தது. அவன் கம்பெனி மாறியிருந்தான். விசா காகிதங்கள் மாறுகிற நேரம். நடுவில் ஊருக்கு வந்தால் திரும்பிப் போகமுடியுமா என்று அவனுடைய வக்கீலாலேயே சொல்ல முடியவில்லை. கோமதி பாவாடை சட்டையில் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து அவள் படிப்புக்குப் பணம் அனுப்பியவன் அவன். அவன் இல்லாமல் தாலி ஏறப்போகிறது என்றதும் அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

நைனாவின் யோசனை வேறு மாதிரிப் போனது. "அங்க எவளயோ கட்டிக்கினு கீறான். அதான் மூஞ்ச காட்டமாட்டேங்குறான்" என்று அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னார். (எங்கள் வீட்டில் ரகசியம் என்றால் தறி சத்தத்தை மீறிக் கேட்கும்.) நைனாவைக் குற்றம் சொல்ல முடியாது. ஆயுசு முழுக்க நூல் வியாபாரிகளோடு மல்லுக்கட்டியவர். மேலே நல்ல நூலைக் காட்டி அடியில் மட்டத்தை வைத்துக் கட்டுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, கோயில் பிரசாதத்தைக்கூட ஒரு தடவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார். அந்தக் குணம் அண்ணனுக்குத் துளியும் வரவில்லை. அவன் பங்கையும் சேர்த்து எனக்கே வந்துவிட்டது.

கல்யாணத்தை இன்டர்நெட்டில் காட்டிவிடலாம் என்று அண்ணனே வழி சொன்னான். பிராட்பேண்ட் திருப்பதிக்கு வந்திருந்த புதிது. வீடியோக்காரரின் கேமராவிலிருந்து ஒரு ஒயர் கம்ப்யூட்டருக்கு வரும், கம்ப்யூட்டர் படத்தை சர்வருக்கு அனுப்பும், அவன் நியூஜெர்சியில் உட்கார்ந்தபடி தாலி கட்டுவதைப் பார்ப்பான். அவனுடைய நண்பன் ஒருவன் இப்படித்தான் தன் தங்கை கல்யாணத்தைப் பார்த்தானாம். ஆனால் அவர்கள் சிக்கனம் பிடித்து, பலபேருக்குப் பொதுவான சர்வரில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். மாப்பிள்ளை குடையைப் பிடித்துக்கொண்டு காசியாத்திரை கிளம்பியதும் கூட்டம் தாங்காமல் படம் நின்றுவிட்டது. அந்த நண்பனைப் பொறுத்தவரை அவனுடைய மாப்பிள்ளை இன்னும் காசிக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார். அதனால்தான் அண்ணன் தனி சர்வர் கேட்டான். பஸ்ஸில் சீட் பிடிக்காமல் தனியாகக் கார் பேசிக்கொள்வது மாதிரி. ஒரு முழுக் கம்ப்யூட்டர், நமக்கு மட்டும்.

இதை நான் வீட்டில் விளக்கியபோது அம்மாவுக்கு அதில் சர்வர் என்ற வார்த்தை மட்டும் பிடிபட்டது. பெரியவன் வரமுடியாததால் கல்யாணத்துக்கு அமெரிக்காவிலிருந்து தனியாக ஒரு சர்வர் ஏற்பாடு செய்கிறான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். பந்தியில் இட்லி வைக்க வெள்ளைக்காரன் வருகிறான் என்று செய்தி பரவி, பத்திரிகை வைக்கப்போன இடத்திலெல்லாம் அவனுக்கு நம்ம சாம்பார் காரம் தாங்குமா என்று விசாரித்தார்கள். மறுத்துப் பார்த்து ஓய்ந்துபோய், தாங்கும் என்று சொல்லிவிட்டேன்.

சிறந்த கம்பெனியைத் தேடும் வேலையில் இறங்கினேன். அப்போதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. சர்வரை வாடகைக்கு விடுகிற ஹோஸ்டிங் கம்பெனி ஒவ்வொன்றும் உலகத்தில் முதலிடத்தில்தான் இருக்கிறது. இரண்டாவது இடத்தில் ஒருவருமே இல்லை. தரவரிசை போட்டுத் தருகிறோம் என்ற வலைத்தளங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் வேறு வேறு கம்பெனி முதலில் நின்றது. கீழே வாடிக்கையாளர்கள் பாராட்டி எழுதியிருந்தார்கள். ஒரே மாதிரி எழுத்துப் பிழையோடு நாலு பேர் பாராட்டியிருந்ததைப் பார்த்ததும் நைனாவின் நூல் கட்டு ஞாபகம் வந்து மூடிவிட்டேன்.

விலை குறைவாகச் சொன்னவர்களை முதலிலேயே ஒதுக்கினேன், ஏதோ கோளாறு இருப்பதால்தானே குறைக்கிறான். விலை கூடச் சொன்னவர்கள் மேல் அடுத்து சந்தேகம் வந்தது. நம்மிடம் காசு இருப்பது இவனுக்கு எப்படித் தெரியும்? கேள்வி அனுப்பியதும் பதில் போட்டவர்களை, வேறு கிராக்கியே இல்லை போலிருக்கிறது என்று விட்டேன். ஒரு நாள் கழித்துப் பதில் போட்டவர்களை, இப்போதே இப்படி என்றால் முகூர்த்த நேரத்தில் எப்படி என்று விட்டேன்.

வருஷத்தில் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது சதவீத நேரம் சர்வர் ஓடும் என்று எல்லோரும் உத்தரவாதம் கொடுத்தார்கள். எனக்கு மிச்சம் இருந்த அந்தப் புள்ளி ஒன்றின் மேல்தான் கண். அது எந்த மாதம், எந்தத் தேதியில் வரும் என்று ஒரு விற்பனைப் பெண்ணிடம் கேட்டேன். முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றாள். முகூர்த்தத்தன்று வராது என்றாவது எழுதிக் கொடுக்க முடியுமா என்றேன். முகூர்த்தம் என்றால் என்ன என்று கேட்டாள். நான் ராகுகாலம், எமகண்டத்திலிருந்து ஆரம்பித்து விளக்கியதில் அவள் இணைப்பைத் துண்டித்துவிட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே துண்டிக்கிற கம்பெனி என்று குறித்துக்கொண்டேன்.

கடைசியில் அண்ணன் பொறுமை இழந்து போன் செய்தான். கோமதிக்குக் குழந்தை பிறப்பதற்குள் முடிவு செய்துவிடு என்றான். நான் பார்த்ததிலேயே விலை அதிகமான, டெக்சாஸில் சர்வர் வைத்திருந்த ஒரு கம்பெனியை எடுத்தேன். எந்த நேரமும் போனில் கூப்பிடலாம், நமக்கென்று ஒரு ஆள் எடுப்பார். மின்சாரம் போனால் ஜெனரேட்டர், அது போனால் இன்னொரு ஜெனரேட்டர். காவலுக்கு ஆள், கதவுக்குக் கைரேகை. எங்கள் ஊர் வங்கியில்கூட அவ்வளவு கிடையாது.

பணம் கட்டிய அன்று நைனா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அது நம்ம பொட்டிதான்னு இன்னா அத்தாட்சி? ஒரே பொட்டிய பத்து பேருக்கு வாடகைக்கு வுட்டா ஒனக்கு எப்பிடிடா தெரியும்?"

அந்தக் கேள்வி என் மண்டைக்குள் குடியேறிவிட்டது. சர்வரின் போட்டோ வேண்டும் என்று கம்பெனிக்கு எழுதினேன். மரியாதையாக அனுப்பினார்கள். பீரோ மாதிரி ஒன்று, அதில் அடுக்கடுக்காகக் கறுப்புப் பெட்டிகள், எல்லாவற்றிலும் பச்சை விளக்கு. நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, எல்லாம் ஒரே ஜாடையில் இருக்கிறதே, இதில் நம்முடையது எது என்றார். நான் மறுபடி எழுதினேன். எங்கள் பெட்டியின் மேல் கோமதி என்று எழுதி ஒட்டி, அதைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?

அதையும் செய்தார்கள். வெள்ளைக் காகிதத்தில் நீல மையில் ஆங்கிலத்தில் கோமதி. உலகத்தில் எந்த ஹோஸ்டிங் கம்பெனியும் ஒரு வாடிக்கையாளரை இவ்வளவு சகித்திருக்காது. நான் நெகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால், படம் எடுத்த கையோடு காகிதத்தைக் கிழித்துவிட்டு இன்னொருவர் பெயரை ஒட்டியிருந்தால்? நைனாவிடம் இதைச் சொன்னபோது, இப்போதுதான் உனக்குப் புத்தி வருகிறது என்பது போல் தலையாட்டினார்.

ஆகவே காவலை நானே ஏற்றுக்கொண்டேன். கல்யாணப் பக்கத்தின் முகவரியை அண்ணனுக்கு மட்டும் சொன்னேன். யாருக்கும் சொல்லாதே என்றேன், சரி சரி என்றான். யாருக்கும் என்றால் வெளியாளுக்கு என்று அவன் எடுத்துக்கொண்டான். எனக்கு யாருக்கும் என்றால் யாருக்கும்தான். அதோடு, எந்த ஊரிலிருந்து எந்த இணைப்பு சர்வருக்குள் வருகிறது என்று காட்டுகிற திரை ஒன்றை அமைத்தேன். வேண்டாதவர் வந்தால் ஒரு தட்டில் தடுத்துவிடலாம். தடுக்கப்பட்டவர் திரையில் சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் வரும்: 'நீங்கள் அழைக்கப்படாதவர். வெளியேறவும்.' அந்த வாசகம் என் சொந்தத் தயாரிப்பு. எழுதி முடித்ததும் இரண்டு மூன்று தடவை வாசித்து ரசித்தேன்.

முகூர்த்தம் காலையில். சென்டரிலிருந்து கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டு முதல் நாளே திருப்பதி மண்டபத்துக்கு வந்துவிட்டேன். இணைப்பு ஒயரின் நீளம் போதாமல், மேடைக்கு ஓரத்தில் மேளக்காரர்களுக்குப் பின்னால் மேஜை கிடைத்தது. திரையைப் பார்த்து உட்கார்ந்தால் மணமேடை எனக்கு முதுகுப் பக்கம். பரவாயில்லை, வேலைதான் முக்கியம் என்று அம்மாவிடம் சொன்னேன். பட்டுவேட்டி கட்டிக்கொண்டு, போனைக் கையோரம் வைத்துக்கொண்டு, போருக்குப் போகிறவன் மாதிரி உட்கார்ந்தேன்.

ஆரம்பத்தில் எல்லாம் அழகாகப் போனது. படம் கண்ணாடி மாதிரி தெரிந்தது. பார்வையாளர் ஒன்று என்று திரை காட்டியது. அது அண்ணன். நியூஜெர்சியில் அவன் வீட்டு இணைப்பின் எண் எனக்கு மனப்பாடம்.

ஐயர் மாப்பிள்ளையை மேடைக்குக் கூப்பிட்டபோது ஒன்று இரண்டாகியது. பிறகு ஐந்து. காப்பி வந்தது, நான் தொடவில்லை. இருபதைத் தாண்டியதும் நாற்காலியை மேஜைக்கு நெருக்கி இழுத்துக்கொண்டேன். எண்களைப் பிடித்து ஊர்களைத் தேடினேன். குவைத். சிங்கப்பூர். மஸ்கட். அமெரிக்காவில் கேள்விப்படாத ஊர்கள். எங்களுக்கும் மஸ்கட்டுக்கும் என்ன சம்பந்தம்? நைனா சொன்னது அப்படியே நடக்கிறது. கம்பெனிக்காரன் எங்கள் தனி சர்வரை ஊர் உலகத்துக்கெல்லாம் வாடகைக்கு விட்டிருக்கிறான்.

முதலில் குவைத்தைத் தடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அதே ஊரிலிருந்து வேறொரு எண்ணில் நுழைந்தார்கள். அதையும் தடுத்தேன். மூன்றாவதாக ஒன்றில் வந்தார்கள். என்ன பிடிவாதமான திருடர்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் அடைத்தேன். பிறகு சிங்கப்பூர், மஸ்கட். உண்மையைச் சொன்னால் அதில் ஒரு ருசி வந்துவிட்டது. ஒவ்வொரு தட்டுக்கும் பார்வையாளர் எண்ணிக்கை இறங்க இறங்க, நிலத்தில் மேய வந்த மாடுகளை ஒவ்வொன்றாக விரட்டுகிற நிம்மதி. இதற்கு நடுவில் நகரியிலிருந்து வந்திருந்த ஒரு மாமா என் தோளைத் தட்டி, அமெரிக்கா சர்வர் பந்திக்கு எப்போது வருவான் என்று கேட்டுவிட்டுப் போனார்.

கடைசியில் ஒன்று என்று நின்றது. உற்றுப் பார்த்தேன். அது அண்ணனுடைய எண் இல்லை. அதே நியூஜெர்சி, ஆனால் வேறு வீடு. அண்ணனைக் காணோம். அண்ணனை வெளியே தள்ளிவிட்டு அவன் இடத்தில் எவனோ உட்கார்ந்திருக்கிறான் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. (அன்றைக்கு எனக்குச் சந்தேகமே வராத ஒரே விஷயம் அதுதான்.) ஓங்கித் தட்டினேன். பார்வையாளர் பூஜ்யம்.

அடுத்து கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு ஆள் எடுத்து, தன் பெயர் கெவின் என்று மூக்கால் ஆங்கிலம் பேசினான். நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சண்டையை ஆரம்பித்தேன். தனி சர்வர் என்று காசு வாங்கிக்கொண்டு மஸ்கட்காரனுக்கு உள்வாடகைக்கு விட்டது நியாயமா, கோமதி என்று ஒட்டிய காகிதம் இன்னும் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டேன். கெவின் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். சர்வரில் எங்கள் பக்கத்தைத் தவிர வேறு எதுவும் இல்லையே என்றான். இடையில் என் போனில் வேறு யாரோ கூப்பிடுகிற சத்தம் வந்து வந்து போனது. நான் விடவில்லை.

எனக்கு முன்னால் இருந்த மேளக்காரர்கள் சட்டென்று கெட்டிமேளம் கொட்டினார்கள். காதைப் பொத்திக்கொண்டு இன்னும் சத்தமாகக் கத்தினேன். மறுமுனையில் கெவினுக்கும் மேளம் கேட்டது. பிறகு மூக்கு போய், வேறு குரல் வந்தது.

"சார், நீங்க தமிழா? அது கெட்டிமேளந்தானே?"

தமிழ்தான் என்றேன்.

"கல்யாணத்த நெட்ல போட்டிருக்கோம்னு நீங்கதான் சார் சொல்றீங்க. அவங்கெல்லாம் கல்யாணம் பாக்க வந்தவங்க சார். எல்லாரையும் நீங்களே வெளியே அனுப்பிட்டீங்க."

நான் அந்த நேரத்தில் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. "அப்ப நீங்க டெக்சாஸ்ல இல்லையா?" என்றேன்.

"சர்வர் டெக்சாஸ்ல இருக்கு சார். நான் சென்னையில இருக்கேன். நீங்க போய் அட்சதை போடுங்க சார், தாலி கட்டிடப் போறாங்க."

திரும்பினேன். கட்டி முடித்திருந்தார்கள். மேடையைப் பார்த்து எல்லோரும் வீசிய அட்சதையில் பாதி எங்கள் பக்கம் வந்து விழுந்து, கீபோர்டின் இடுக்குகளில் மஞ்சள் அரிசி உட்கார்ந்துகொண்டது. தாமு அண்ணன் எட்டாயிரம் மைலுக்கு அப்பால் தாலி கட்டுவதைப் பார்க்கவில்லை. நான் பத்தடி தூரத்தில் பார்க்கவில்லை.

போனை வைத்த மறுநொடி அண்ணன் கூப்பிட்டான். அவன் வீட்டுத் திரை சின்னது என்று, இரண்டு தெரு தள்ளி இருந்த நண்பனின் வீட்டுக்குப் போயிருக்கிறான். அங்கே தமிழ், தெலுங்குக் குடும்பங்கள் எல்லாம் பட்டுப்புடவையில் கூடியிருக்கின்றன. கோமதி மேடைக்கு வந்ததும் கைதட்டியிருக்கிறார்கள். தாலித் தட்டு ஆசீர்வாதத்துக்காகச் சபையைச் சுற்றக் கிளம்பியதும் சிவப்பு எழுத்து வந்துவிட்டது. அண்ணன் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் மெதுவாக, "கட்டிட்டாங்களாடா?" என்றான். ஆமாம் என்றேன். "எப்பிடி இருந்தா?" என்றான். நானும் பார்க்கவில்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது? நல்லா இருந்தா என்று சொன்னேன். என் குரலிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அதை ஆற அமர நினைத்து வருந்தக்கூட நேரம் கிடைக்கவில்லை. மண்டபத்து மேனேஜர் வேகமாக வந்து, "பெள்ளிகொடுக்கு வாள்ளெவரய்யா, குவைட் நுஞ்சி ஃபோன்" என்று மாப்பிள்ளை வீட்டாரைத் தெலுங்கில் தேடினார். சம்பந்தி ஆபீஸ் அறைக்குப் போனார். திரும்பி வரும்போது அவர் முகம் கறுத்திருந்தது.

பேசியது மாப்பிள்ளையின் பெரியப்பா. குவைத்தில் பல வருஷமாக இருப்பவர், மாப்பிள்ளையைப் படிக்கவைத்தவர். பத்திரிகையில் தன் பெயருக்குப் பக்கத்தில் குவைத் என்று போடாமல் விட்டதில் அவருக்கு ஏற்கனவே எங்கள்மேல் வருத்தம். அண்ணன் முகவரியைச் சம்பந்தி வீட்டுக்குச் சொல்ல, அவர்கள் குவைத், சிங்கப்பூர், மஸ்கட் சொந்தங்களுக்கெல்லாம் சொல்ல, பெரியப்பா ஒரு பிரவுசிங் சென்டர்காரரிடம் கெஞ்சி விடியற்காலையில் கடையைத் திறக்கவைத்திருக்கிறார். கூட வேலைசெய்கிற நம் பக்கத்து ஆட்கள் எல்லாம் குளித்து வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றிருக்கிறார்கள். படம் போய் எழுத்து வந்ததும், ஆங்கிலம் தெரிந்த ஒருவர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் படித்துக் காட்டியிருக்கிறார். வேறு கம்ப்யூட்டருக்குப் போனார்கள், அங்கேயும் வெளியேறவும். பக்கத்துக் கடைக்கு ஓடினார்கள், அங்கேயும் வெளியேறவும்.

பெண் வீட்டார் வேண்டுமென்றே அவமானப்படுத்திவிட்டார்கள் என்பது பெரியப்பாவின் முடிவு. குவைத்திலிருக்கிற எங்கள் அண்ணனை வெளியே தள்ளின வீட்டில் நாங்கள் எப்படிக் கை நனைப்பது என்று சம்பந்தி கேட்டார். பந்தியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் ஒவ்வொருவராக எழுந்தார்கள். இலையில் அல்வா வைத்தது வைத்தபடி இருந்தது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நைனா என்னைப் பார்த்தார். அந்த ஆயுசுகாலச் சந்தேகக்காரர் முதல்முறையாக ஒரு கேள்வியும் கேட்காமல் பார்த்தார். அதற்கு அவர் நாலு அறை விட்டிருக்கலாம்.

கோமதி மாலையோடு மேடையைவிட்டு இறங்கி வந்து என்ன ஆச்சு என்று கேட்டாள். சொன்னேன். திக்கித் திக்கி, மஸ்கட்டையும் விடாமல் சொன்னேன். அவள் பக்கத்தில் நின்றிருந்த மாப்பிள்ளை சுரேஷுக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்துப் பயந்துபோனேன். சிரித்துக்கொண்டிருந்தார். "அப்பா, இவரு வேணும்னு பண்ல. சொந்த அண்ணனையே தொரத்திக்கினு கீறாரு" என்று சம்பந்தியிடம் சொன்னபோது அவருக்கு மூச்சு வாங்கியது.

தடுத்தவர்களை எல்லாம் உள்ளே விட்டேன். எண்ணிக்கை மறுபடி ஏறியது. கோமதி கேமராவுக்குப் பக்கத்தில் போய், மாலையை ஒதுக்கி, மஞ்சள் காயாத தாலியைத் தூக்கிக் காட்டினாள். "தாமுண்ணா, இத்த பாரு. கட்டியாச்சி."  என் போனில் அண்ணன் இருந்தான். படம் அவனிடம் போய்ச் சேர அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷமும் அவள் தாலியைப் பிடித்தபடியே நின்றாள். பிறகு போனில் அவன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

பெரியப்பா அவ்வளவு லேசில் இறங்கவில்லை. எங்களை வெளியே தள்ளியவன் யார், அவன் முகத்தை நாங்கள் பார்க்க வேண்டும் என்று ஆபீஸ் போனில் சொல்லிவிட்டார். என்னைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்தினார்கள். கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். மேனேஜர் ஆபீஸ் வாசலில் போனோடு நின்று, குவைத் சொல்வதைச் சுரேஷுக்குச் சொல்ல, சுரேஷ் எனக்குச் சொன்னார். முதலில், இன்னும் வரவில்லையாம் என்றார். கூப்பியபடியே நின்றேன். இப்போது வந்துவிட்டதாம், ஆனால் முகம் தெரியவில்லையாம், கொஞ்சம் நிமிரச் சொல்கிறார். நிமிர்ந்தேன். நிமிர்ந்தது அங்கே போய்ச் சேர்வதற்குள், சொல்லியும் நிமிரவில்லையே, இன்னும் நிமிரச் சொல்லு என்று உத்தரவு வந்தது. இன்னும் நிமிர்ந்தேன். இவ்வளவு நிமிர்ந்து நிற்கிறானே என்று அதற்குள் அங்கே கோபம். பந்தியிலிருந்து எழுந்தவர்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். முதலில் ஒரு அத்தை சிரித்தாள். அப்புறம் சம்பந்தியே வேஷ்டி நுனியால் வாயை மூடிக்கொண்டார். அமெரிக்காவிலிருந்து படம் மட்டும் ஒரு நொடிகூட நிற்காமல், பளிச்சென்று, குவைத்துக்குப் போய்க்கொண்டே இருந்தது. சர்வர் அப்படிப்பட்ட உயர்ந்த சரக்கு.

கடைசியில் பெரியப்பா, போதும், பையனைச் சாப்பிடச் சொல்லுங்கள், வெயிலில் காய்ந்த மாதிரி இருக்கிறான் என்றார். எல்லோரும் மறுபடி பந்திக்குப் போனார்கள். அல்வா ஆறிப்போயிருந்தது, ஒருவரும் குறை சொல்லவில்லை.

சில வருஷம் கழித்துப் பெரியப்பா குவைத்தை முடித்துக்கொண்டு புத்தூருக்கே வந்துவிட்டார். அவர் கடைசி மகன் கல்யாணத்துக்கு நான் போனபோது, மண்டப வாசலில் சந்தனத் தட்டோடு நின்றவர் என்னைக் கண்டதும் கையைக் குறுக்கே நீட்டினார். எந்த ஊர், யார் அழைத்தது, என்ன உறவு என்று கேட்டார். பின்னால் சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். நான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிப்பது போல் நின்றுவிட்டு, சரி, ஒரு தடவை விடலாம் என்று சந்தனம் பூசினார். அன்றிலிருந்து அந்த வீட்டு விசேஷம் எதுவானாலும் எனக்கு வாசலில் இந்த விசாரணை உண்டு. கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எதுவும் விலக்கு இல்லை. நான் வரும் நேரம் தெரிந்தால் பந்தியிலிருக்கிறவர்கள்கூடக் கையைக் கழுவிக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார்கள். என் மனைவி முதல் முறை மிரண்டு, பிறகு பழகி, இப்போது அவர்களோடு சேர்ந்துகொண்டு எனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறாள்.

போன மாதம் பெரியப்பாவின் பேத்திக்கு நிச்சயதார்த்தம். திருப்பதியில் பெரிய மண்டபம். பதில்களைத் தயார்செய்துகொண்டு படியேறினேன். வாசலில் வாடகைக்கு அமர்த்திய வரவேற்புப் பெண்கள், ஒரே நிறப் புடவையில். ஒருத்தி பன்னீர் தெளித்து, ரோஜாப்பூ கொடுத்து, உள்ளே வாங்க சார் என்று சிரித்தாள். ஒரு கேள்வி இல்லை.

எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. படியிறங்கிப் போய், மண்டபம் இதுதானா என்று பெயர்ப் பலகையைப் படித்துப் பார்த்துக்கொண்டேன்.